நோயும் பொறுமையும்

பொறுமை கடலினும் பெரிது என்பது நம் முன்னோர் வாக்கு. ஏச்சைப் பொறுத்தவரையும் வறுமையைப் பொறுத்தவரையும் பிரிவைப் பொறுத்தவரையும் போற்றி வளர்ந்த சமுதாயம் நம்முடையது. அந்தப் பழக்கத்தினாலேயே, உடலில் தோன்றும் நோயைப் பொறுத்துக் கொள்பவரையும் அதே வரிசையில் வைத்துப் போற்றி விடுகிறோம். 'எத்தனை காய்ச்சல் அடித்தாலும் மனிதர் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை' என்று இழவு வீட்டில் பெருமையாகப் பேசப்படுவதை நாம் கேட்டதில்லையா? அந்தப் பெருமை நியாயமானதுதானா? நோயைப் பொறுத்தல் அறமாகுமா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு நூலன்று. என் அண்டை வீட்டாருக்கு நேர்ந்த ஒரு நோய்.

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் உள்ள பாயான் லெப்பாஸ், ஒரு காலத்தில் வயல்களும் மீனவர் குடியிருப்புகளுமாக இருந்த ஊர். 1972இல் இங்குத் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தது. மின்னணு ஆலைகள் வந்தன. 1985இல் பாலம் திறக்கப்பட்டபின், கடலுக்கு அப்பாலிருந்தும் தொழிலாளர்கள் சாலை வழியே வந்து போகத் தொடங்கினர். தோட்டங்களை விட்டு வெளியேறிய நம்மவர் பலருக்கு இந்த ஊர் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. இரவு பகல் என்று பாராமல் ஆலைகள் ஓடும் ஊரில், விடியற்காலையில் வேலை முடிந்து திரும்புகிறவரும் பள்ளிக்குப் புறப்படுகிற பிள்ளையும் அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி வாசலில் சந்தித்துக் கொள்வது அன்றாடக் காட்சி.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நானும் அவ்வாறுதான் என் அண்டை வீட்டாரைச் சந்திப்பேன். ஐம்பது வயதைக் கடந்தவர். ஆலையொன்றில் இரவு வேலை பார்த்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் அவர் முகம் வாடியிருக்கக் கண்டு, "என்ன உடம்புக்கு?" என்றேன். "ஒன்னுமில்ல சார், சும்மா காய்ச்சல்தான். பனடோல் போட்டிருக்கேன்" என்றார். இரண்டு நாள் கழித்து மீண்டும் கண்டபோது வலது தோளைப் பிடித்துக் கொண்டு நின்றார். பெட்டி தூக்கியதால் வந்த பிடிப்பு என்றார். ஐந்தாம் நாள் அவருடைய இடக்கண் சிவந்திருந்தது. தூக்கம் இல்லாததால் என்றார். மூன்று முறையும் நான் தலையை அசைத்துவிட்டு, செய்தித்தாள் வாங்கக் கீழே போனேன்.

அன்றிரவு வேலைக்குப் புறப்பட்டவர் வாசற்படியிலேயே சாய்ந்து விட்டார். உடல் நடுங்கியது, பேச்சு குழறியது. மருத்துவமனையில் குருதியழுத்தம் மிகவும் தாழ்ந்திருப்பதைக் கண்டு உடனே தீவிரக் கண்காணிப்புப் பிரிவுக்குக் கொண்டு சென்றார்கள். கல்லீரலில் சீழ்க்கட்டி இருப்பதும், அதிலிருந்து நுண்ணுயிர்கள் குருதியில் கலந்து உடலெங்கும் பரவிவிட்டதும் சோதனைகளில் தெரிய வந்தன. அவருக்கு நீரிழிவு இருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அவர் உயிர் பிழைத்தார். இடக்கண் பிழைக்கவில்லை.

கல்லீரலில் வந்த நோய் கண்ணைக் கெடுக்குமா என்று அன்று நான் வியந்தேன். பின்னர் இது குறித்துத் தேடித் தேடிப் படித்தேன். படித்தறிந்ததைச் சுருங்கச் சொல்ல வேண்டும். ஏனெனில், நோயின் இயல்பை அறியாமல் அதன் அறத்தைப் பேச முடியாது.

கிளெப்சியெல்லா நிமோனியே என்பது நம்மில் பலருடைய குடலில் தீங்கின்றி வாழும் நுண்ணுயிர். அதன் ஒரு வகைக்குத் தடித்த, பிசுபிசுப்பான உறை உண்டு. ஆய்வுக்கூடத்தில் அதன் திரளைக் கம்பியால் தொட்டுத் தூக்கினால் பாகு போல் நூலாக நீளும். நம் வெள்ளணுக்கள் அந்த உறையை மீறி அதை எளிதில் விழுங்க முடிவதில்லை. குருதியில் சர்க்கரை மிகுந்தவரிடம் அந்த வெள்ளணுக்களும் வலுவிழந்திருக்கின்றன. குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் சிரை வழியே நுண்ணுயிர் கல்லீரலை அடைந்து, அங்கே சீழ்க்கட்டியாகத் திரள்கிறது. கல்லீரலுக்கு மேலுள்ள உதரவிதானம் உறுத்தப்படும்போது, அந்த வலி வலது தோளில் வந்து தெரிவதும் உண்டு. கட்டியிலிருந்து குருதியில் கலக்கும் நுண்ணுயிர் நுரையீரலுக்கும் மூளைக்கும் கண்ணுக்கும் செல்லும். நீரிழிவுடையோரிடம் இக்கட்டியும் கண்ணழிவும் சேர்ந்து வருவதை 1986இல் தைவான் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர். பிறகு கொரியா, ஆங்காங், சிங்கப்பூர், மலேசியா எனக் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது நன்கு அறியப்பட்ட நோயாயிற்று.

நுண்ணுயிர் குருதியில் கலந்தபின் நடப்பது இன்னும் கொடியது. அதை எதிர்க்க எழும் உடலின் காவற்படை கட்டுமீறிப் போய், காக்க வேண்டிய உறுப்புகளையே தாக்குகிறது. குருதிக் குழாய்கள் கசிகின்றன, அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் ஓய்கிறது, அறிவு மயங்குகிறது. மருத்துவர்கள் இதனைச் செப்சிஸ் என்பர். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 4 கோடியே 89 இலட்சம் பேருக்கு இது நேர்ந்தது என்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் இதனோடு தொடர்புற்று மாண்டனர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். குருதியழுத்தம் விழுந்த நோயாளிகளைக் குறித்து 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தக்க மருந்து தொடங்குவதில் ஏற்பட்ட ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்திருந்தது. மணிக்கணக்கில் எண்ண வேண்டிய நோயை என் அண்டை வீட்டார் நாட்கணக்கில் பொறுத்திருந்தார்.

இனி, அறத்துக்கு வருவோம். திருவள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது 16ஆம் அதிகாரம். அதை ஊன்றிப் படிப்பவர்க்கு ஒன்று விளங்கும். அங்கே பேசப்படும் பொறுமை, பிறர் நமக்கு இழைக்கும் தீங்கைப் பொறுக்கும் பொறுமை. இகழ்ந்தவரையும் தகாதன செய்தவரையும் பொறுப்பது பெருமை என்கிறார் அவர். நோயைப் பற்றி அவர் பேசுவது வேறிடத்தில். 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில். அங்கே பொறுத்துக் கொள் என்ற அறிவுரை இல்லை. நோய் எது, அதன் காரணம் எது, தீர்க்கும் வழி எது என்று ஆராயும் கடமையே வற்புறுத்தப்படுகிறது. பகைவனைப் பொறுத்தால் அவன் மனம் மாறக்கூடும். நுண்ணுயிருக்கு மாற மனமில்லை. மனிதரிடம் காட்ட வேண்டிய பண்பை நோயிடம் காட்டியது நாம் செய்த முதற்பிழை.

ஆனால், இவ்வளவில் நிறுத்திக் கொண்டால் பழி முழுவதையும் நோயாளியின் தலையில் சுமத்தியவர்கள் ஆவோம். அவர் ஏன் 'ஒன்றுமில்லை' என்றார்?

அந்தச் சொல் அவருடையது மட்டுமன்று. அவருக்கு வழிவழியாக வந்தது. இருளில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்த தலைமுறையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அங்கே 'சீக்கு' என்று சொல்பவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். டிரசர் நம்பினால்தான் அது நோய், நம்பாவிட்டால் சோம்பல். பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. வலி என்பது சாட்சியில்லாத வழக்கு. வலியுடையவரே வாதி, அவரே சாட்சி. அவர் சொல்லை நம்ப மறுக்கும் இடத்தில் நாளடைவில் அவர் வழக்குத் தொடுப்பதையே விட்டு விடுகிறார். பாட்டன் விட்டதைத் தந்தையும் விட்டார். தந்தை விட்டதை மகனும் விட்டார். இறுதியில் அதற்குப் 'பொறுமை' என்று நாம் அழகிய பெயர் சூட்டினோம்.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாட்கள் எனச் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை அளிக்கிறது. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாட்கள். அரசாங்க மருந்தகத்தில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் 1 ரிங்கிட்தான். எனினும், ஒரு நாளும் தவறாமல் வந்தவர்க்கென்று ஊக்கத்தொகை தரும் ஆலைகள் உண்டு. மருத்துவச் சான்றிதழோடு வருகிறவர் விடுப்பைப் பெறுவார், ஊக்கத்தொகையை இழப்பார். வாடகையையும் பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தையும் அந்தத் தொகையில் கணக்கு வைத்திருப்பவர்க்கு, சட்டம் ஒரு கையால் கொடுத்ததை வாழ்க்கை மறு கையால் வாங்கிக் கொள்கிறது. பெரட்டுக் களம் போயிற்று. அதன் நிழல் போகவில்லை.

இங்கே சிந்தனையாளர் ஒருவர் மறுப்புக் கூறலாம். 'உடம்பு அவருடையது. பொறுப்பதும் மருத்துவரிடம் போவதும் அவர் உரிமை. அறிவுள்ள ஒருவர் தம் உடலைப் பற்றி எடுத்த முடிவில் தலையிட மற்றவர் யார்?' இது வலிமையான மறுப்பு. மனிதனின் உரிமையை மதிக்கும் எவரும் இதை எளிதில் தள்ள முடியாது.

ஆனால், முடிவு என்பது எது? தம் கல்லீரலில் கட்டி இருக்கிறது, அது குருதியில் கலந்தால் உயிர் போகலாம், கண் போகலாம் என்பதை அறிந்த ஒருவர், அறிந்த பின்னும் மருத்துவம் வேண்டாம் என்றால், அதனை முடிவு என்று ஏற்கலாம். நாம் வருந்துவோம், ஆயினும் மதிப்போம். என் அண்டை வீட்டார் அப்படி ஒன்றையும் முடிவு செய்யவில்லை. அவர் காய்ச்சல் ஒன்றைப் பொறுப்பதாக எண்ணினார். உண்மையில் அவர் சுமந்தது வேறொன்று. தோள் வலியைப் பொறுப்பதாக எண்ணினார், அதுவும் வேறொன்று. தாம் எதைப் பொறுக்கிறோம் என்று அறிந்து பொறுப்பதே பொறுமை. அறியாததைப் பொறுப்பது பொறுமையாகாது. பொறுமையின் ஆடையை உடுத்திய அறியாமை அது. அதைப் போற்றுவது, கண்ணைக் கட்டிக் கொண்டு குழியை நோக்கி நடப்பவரை வீரர் என்று பாராட்டுவது போலாகும்.

இந்த அறியாமை எவ்வளவு பரவலானது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். இந்தியர்களிடையே விகிதம் 31.4 விழுக்காடு. பத்துப் பேர் கூடிய நம் திருமணப் பந்தி வரிசையில் மூவருக்கு இந்நோய் என்று கொள்ளலாம். அம்மூவரில் தம் நிலையை அறியாதவரும் இருப்பர். அப்படியிருக்க, 'சும்மா காய்ச்சல்' என்று சொல்லும் உரிமை நம்மில் எத்தனை பேருக்கு உண்மையில் இருக்கிறது?

நோயாளியின் அறியாமை ஒருபுறம் இருக்க, அறிந்தவர்கள் சூழ்ந்திருந்தும் அறிவு நோயாளியை எட்டாமல் போவதும் உண்டு. கணிதமேதை சீனிவாச இராமானுசனின் கதை அதற்கு ஒரு துயரச் சான்று. 1914இல் இங்கிலாந்து சென்ற அவர், 1917இல் நோயுற்றார். பல மருத்துவமனைகளில் தங்கினார். காசநோய் என்று கருதிப் பெரும்பாலும் மருத்துவம் செய்யப்பட்டது. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் காலமானார். 1994இல் டி. ஏ. பி. யங் என்பார் அக்கால மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து, அவரைக் கொன்றது அமீபாவால் கல்லீரலில் ஏற்பட்ட நோயாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். கப்பலேறும் முன்பே இராமானுசன் வயிற்றுக்கடுப்பால் துன்புற்றவர். அந்தப் பழைய கடுப்பையும் பின்னாளைய காய்ச்சலையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்தால் இம்முடிவுக்கு வரலாம் என்பது அவர் கருத்து.

அமீபா வேறு, நான் மேலே சொன்ன நுண்ணுயிர் வேறு. ஆனால், இரண்டும் குடலிலிருந்து கல்லீரலுக்குச் சென்று மறைந்திருந்து கொல்லும் தன்மையன. அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசி பயன்படும் என்பதை லியனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் 1912லேயே காட்டியிருந்தார். யங் கூறுவது சரியென்றால், இராமானுசன் கப்பலேறுவதற்கு இரண்டாண்டுகள் முன்பே அவரைக் காக்கக்கூடிய மருந்து உலகில் இருந்தது. அவர் படுக்கைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. அறிவு உலகில் இருப்பது வேறு. தேவைப்படுகிறவர் அருகில் இருப்பது வேறு. இடையில் உள்ள தொலைவைக் கடக்க ஒருவர் கேட்க வேண்டும்: 'இதற்கு முன் உமக்கு என்ன இருந்தது? எப்போது தொடங்கியது?'

யார் கேட்பது? வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்திருப்பதை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கு. முதல் மூன்றைப் பற்றியே நாம் ஓயாது பேசுகிறோம். நோயாளி கவனமாக இல்லை என்கிறோம். மருத்துவர் திறமை போதாது என்கிறோம். மருந்து விலை என்கிறோம். நான்காமவரை மறந்து விடுகிறோம். ஏனெனில் அந்த நான்காமவர் நாம்தாம்.

உடனிருப்பவர் என்றால் கட்டிலருகே கஞ்சியோடு இருப்பவர் மட்டும்தானா? கட்டிலுக்கு வருமுன்பே, மின்தூக்கி வாசலிலும் கோயில் மண்டபத்திலும் ஆலை உணவகத்திலும் அருகில் நிற்பவரும் உடனிருப்பவரே அல்லரோ? வலியின் வழக்கை வலியுடையவரே திரும்பப் பெறும்போது, அதைக் காதால் கேட்ட நாம் அத்துடன் கோப்பை மூடிவிடலாமா? காலையில் சந்தித்த அண்டை வீட்டாரின் சிவந்த கண்ணைக் கண்டவன் நான் ஒருவன்தான். அவர் மனைவி அவ்வேளையில் பணிக்குப் புறப்பட்டுப் போயிருப்பார். பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். அந்தக் கண்ணுக்கு நான் ஒரு சாட்சி. சாட்சி வாய் திறக்கவில்லை.

எடுத்ததற்கெல்லாம் அஞ்சி மருத்துவமனை வாசலில் கூட்டம் சேர்க்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. காய்ச்சல்களில் மிகப் பல தாமே வந்து தாமே போகின்றன. ஆனால், பல் கிட்டும் குளிரோடு காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாளாகியும் தணியாமை, வலப்பக்க விலாவின் கீழ் வலி, மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், பேச்சிலோ நினைவிலோ தடுமாற்றம் ஆகியவை காத்திருக்கச் சொல்லும் குறிகள் அல்ல. நீரிழிவுடையவரிடம் இவை தோன்றினால் இன்னும் விரைய வேண்டும். காய்ச்சலோடு கண் சிவந்து பார்வை மங்கினால் அன்றே காட்ட வேண்டும். குருதிச் சோதனையும் ஒலியலைப் படமும் கட்டியைக் காட்டிக் கொடுத்து விடும். ஊசிக் குழாய் செலுத்திச் சீழை வடித்து, வாரக்கணக்கில் நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுத்துப் பெரும்பாலோரைக் காப்பாற்றி விடுகிறார்கள். சீழை வடிக்கவும் நுண்ணுயிரைக் கொல்லவும் வழியற்றிருந்த காலத்தில், இக்கட்டி ஏறக்குறைய எப்போதும் உயிரைக் குடித்தது. மருத்துவம் அத்தனை தொலைவு வந்து நம் வாசலில் நிற்கும்போது, கதவைத் திறக்காமல் இருப்பதற்குப் பொறுமை என்று பெயரிடலாகாது.

ஆலை நடத்துவோர்க்கும் இதில் பங்குண்டு. நோயாளி வேலைக்கு வந்தால் பரிசும், வராவிட்டால் இழப்பும் என்று கணக்கு வகுத்தவர், தாம் பரிசளிப்பது உழைப்புக்கா அல்லது மறைப்புக்கா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னவர் இழக்கும் இடத்தில் உண்மை பேசுமாறு தொழிலாளியை மட்டும் கேட்பது நீதியாகாது.

என் அண்டை வீட்டார் இப்போது பகல் நேர வேலையொன்றில் இருக்கிறார். ஒரு கண்ணோடு வாழப் பழகிவிட்டார். படிக்கட்டில் இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விடுவதில்லை. என் மன உறுத்தலை ஒரு நாள் அவரிடம் சொன்னேன். "நான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும்" என்றேன். அவர் சிரித்தார். "நீங்க கேட்டிருந்தாலும் ஒன்னுமில்லன்னுதான் சார் சொல்லியிருப்பேன்" என்றார். என்னை ஆறுதற்படுத்தவே அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால், அது உண்மையாகவும் இருக்கக்கூடும்.

அது உண்மையானால், ஒரு முறை கேட்பது போதாது என்றே அதற்குப் பொருள். 'உடம்புக்கு என்ன?' என்பது வழிப்போக்கர் கேள்வி. அதற்கு 'ஒன்றுமில்லை' என்ற விடை வழக்கமாகவே கிடைத்துவிடும். 'எத்தனை நாளாக?' என்பது உடனிருப்பவர் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் நோயாளி எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்க்கும்போதுதான் ஐந்து நாள் ஆயிற்று என்பது அவருக்கே தெரிய வரும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க இப்போது நான் பழகி வருகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பைப் பொறுத்துக் கொள்கிறேன். பொறுத்துக் கொள்ள வேண்டியது அதைத்தான்.